ஒரே காட்டில் இரண்டு இலைதின்னிகள்: ஹவுலரும் மூரிக்கியும்

கேள்வி இதுதான்: பிரேசிலில் ஹவுலர் குரங்கும் மூரிக்கியும் ஒரே காட்டில் இருக்கின்றன, இரண்டும் உருவத்தில் பெரியவை, இரண்டும் இலை தின்கின்றன, இரண்டுக்கும் கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால் உண்டு. அப்படியென்றால் உண்மையான வித்தியாசம் என்ன, இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது? முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இலையை நம்பிப் பிழைப்பதற்கு ஹவுலர் செலவைக் குறைத்தது, மூரிக்கி அலைந்து திரிந்து வரவைக் கூட்டியது. மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டாவது பாதிக்கு ஒரு வரி போதாது, ஏனென்றால் 2016க்குப் பிறகு அந்தக் கணக்கே தலைகீழாகப் போயிருக்கிறது.

முதலில் எந்த ஹவுலர், எந்த மூரிக்கி என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஹவுலர் என்பது ஒரே இனம் அல்ல, தெற்கு மெக்சிகோவிலிருந்து வடக்கு அர்ஜென்டினா வரை பத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மூரிக்கியில் இரண்டே இரண்டுதான், வடக்கு மூரிக்கியும் தெற்கு மூரிக்கியும், இரண்டும் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நான் எடுத்துக்கொள்வது பழுப்பு ஹவுலரையும் வடக்கு மூரிக்கியையும். அறிவியல் பெயர் வேண்டுமென்றால் முறையே அலுவாட்டா குவாரிபா, பிராக்கிடெலஸ் ஹைபோசாந்தஸ். இந்த ஜோடியை எடுக்கக் காரணம், இரண்டும் பக்கத்துப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் இடத்தில் நாற்பது ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. வேறு வேறு காடுகளில் எடுத்த தகவலை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் குரங்கினுடையதா காட்டினுடையதா என்ற குழப்பம் வரும், இங்கே அது கிடையாது.

அந்த இடம் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கராட்டிங்கா நகருக்கு அருகில் இருக்கிறது. ஃபெலிசியானோ மிகேல் அப்டாலா என்ற காபி விவசாயி 1944ல் வாங்கிய பண்ணை அது. சுற்றிலும் எல்லோரும் காட்டை வெட்டிக் காபியும் மேய்ச்சல் நிலமுமாக மாற்றிக்கொண்டிருந்தபோது இவர் தன் நிலத்துக் காட்டை விட்டுவைத்தார். அவர் 2000ல் இறந்தார், அடுத்த ஆண்டு குடும்பத்தார் 957 ஹெக்டேரைத் தனியார் காப்பகமாகப் பதிவு செய்தார்கள், இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. கேரன் ஸ்ட்ரையர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1982ல் முதன்முதலாக அங்கே போய், 1983லிருந்து மூரிக்கிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார். அதே காட்டில் ஹவுலர்களைப் பற்றிய அடிப்படை வேலையை எண்பதுகளில் செய்தவர் செர்ஜியோ லூசேனா மென்டெஸ். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்து வந்ததுதான்.

சரி, வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கருமந்தி இலை தின்னும் என்று தெரிந்திருக்கும். அதற்கும் அதன் உறவுக்காரர்களுக்கும் பல அறைகளாகப் பிரிந்த இரைப்பை இருக்கிறது, நுண்ணுயிரிகள் அங்கேயே இலையை நொதிக்க வைத்துவிடும். தென் அமெரிக்கக் குரங்கு எதற்கும் அந்த வசதி கிடையாது. ஹவுலரும் மூரிக்கியும் சாதாரண இரைப்பையை வைத்துக்கொண்டுதான் நார் நிறைந்த, சத்துக் குறைந்த இலையைச் சமாளித்தாக வேண்டும், நொதிப்பு நடப்பதெல்லாம் பெருங்குடலில்தான்.

இங்கேதான் பாதை பிரிகிறது. கேதரின் மில்டன் என்ற ஆய்வாளர் உணவு உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார். ஹவுலரில் அது ஏறக்குறைய 20 மணி நேரம், மூரிக்கியில் 8 மணி நேரம் போல. இந்த ஹவுலர் எண் மத்திய அமெரிக்காவில் உள்ள வேறொரு ஹவுலர் இனத்தில் எடுத்தது, ஆனாலும் போக்கு தெளிவாக இருக்கிறது. ஹவுலர் இலையை உள்ளே நீண்ட நேரம் வைத்து, பிழியக்கூடியதை எல்லாம் பிழிந்துகொள்கிறது. வயிறு நிறைந்து கிடக்கும்போது மேலும் தின்ன இடமில்லை, அதனால் படுத்துக்கொள்கிறது. பகல் பொழுதில் பாதிக்கு மேல், பல ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு கூட, ஹவுலர் ஓய்வில்தான் கழிக்கும். சோம்பேறிக் குரங்கு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அந்த உணவில் அப்படி இருந்தால்தான் பிழைக்க முடியும்.

மூரிக்கி அப்படி இல்லை. இலையை வேகமாக உள்ளே அனுப்பி, எடுத்த வரைக்கும் லாபம் என்று வெளியே தள்ளிவிட்டு, அடுத்ததைத் தேடிப் போகிறது. அதன் உணவு நேரத்தில் பாதி இலை, மூன்றில் ஒரு பங்கு பழம், மீதியில் பூவும் தேனும். பழம் எல்லா மரத்திலும் எல்லாக் காலத்திலும் கிடைக்காது, ஆகவே நடந்தாக வேண்டும். ஸ்ட்ரையர் முதலில் கவனித்த கூட்டம் ஒரு நாளைக்குச் சராசரியாக 1 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்தது, அதன் எல்லை 168 ஹெக்டேர், கூட்டம் பெருகப் பெருக அது இன்னும் விரிந்தது. அதே காட்டில் ஓர் ஹவுலர் குடும்பத்துக்கு 8 ஹெக்டேர் அளவு போதுமாக இருந்தது.

உடம்பைப் பார்த்தாலே இந்த இரண்டு போக்கும் தெரியும். மூரிக்கிக்கு நீளமான கைகால், கொக்கி மாதிரி வளைந்த விரல்கள், பெருவிரல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வடக்கு மூரிக்கியில் ஒரு குட்டித் துணுக்கு மட்டும் இருக்கும், தெற்கு மூரிக்கியில் அதுவும் கிடையாது. கிளைக்குக் கீழே தொங்கி, கை மாற்றிக் கை வீசிப் போகும்போது பெருவிரல் தொந்தரவுதான். உடல் வெளிர் பொன் சாம்பல் நிறம், முகம் கறுப்பு, வடக்கு மூரிக்கியில் அந்தக் கறுப்பின் மேல் இளஞ்சிவப்புத் திட்டுக்கள், அந்தத் திட்டுக்களை வைத்தே ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறார்கள். எடை பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும், அமெரிக்கக் கண்டங்களில் மனிதனை விட்டால் மிகப் பெரிய குரங்கினம் இதுதான். கடுவனுக்கும் பெண்ணுக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹவுலர் கட்டையானது. தாடி, புடைத்த தொண்டை, செம்பழுப்பு ரோமம். கிளையின் மேல் நாலு காலில் நிதானமாக நடக்கும், எப்போதாவதுதான் தொங்கும். கடுவன் ஆறேழு கிலோ, பெண் நாலைந்து கிலோ. கிளையைப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்துப் பிடிக்கும், பார்க்க விநோதமாக இருக்கும். வால் இரண்டுக்கும் ஒரே ரகம்: நுனியின் அடிப்பக்கம் ரோமமில்லாமல், நம் உள்ளங்கை போல ரேகைகளோடு. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள் எதிலும் இப்படி ஒரு வாலைப் பார்க்க முடியாது.

இன்னொரு வித்தியாசம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கண்ணுக்குள் இருக்கிறது. தென் அமெரிக்கக் குரங்குகளில் பெரும்பாலானவற்றில் ஆண்களுக்கு நம்மைப் போலச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராது, பெண்களிலும் சிலவற்றுக்குத்தான் வரும். மூரிக்கியும் அந்த ரகம்தான் என்று தெற்கு மூரிக்கியில் செய்த மரபணு ஆய்வு காட்டியது. ஹவுலர் மட்டும் விதிவிலக்கு: அதில் ஆண், பெண் எல்லாவற்றுக்கும் முழு மூவண்ணப் பார்வை உண்டு. வெப்பமண்டலக் காட்டில் பல மரங்களின் கொழுந்து சிவப்பாகத்தான் துளிர்க்கும், கொழுந்தில் புரதம் அதிகம், நார் குறைவு. நாள் முழுவதும் இலையை நம்பியிருக்கும் ஒரு பிராணிக்கு இந்தக் கண் எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்துதான் காரணம் என்று எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு என்னவோ அது பொருந்துகிற மாதிரிதான் தோன்றுகிறது.

இப்போது குரல். ஹவுலரின் தொண்டைக்குள் நாவடி எலும்பு உப்பிப் போய், உள்ளே குடைந்த கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. அதில் காற்று எதிரொலித்து வரும் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும், முதன்முதலாகக் கேட்கிறவர்கள் ஏதோ பெரிய மிருகம் என்று பயந்துபோவார்கள். இதுவும் சிக்கனம்தான். பக்கத்துக் கூட்டத்தோடு ஒவ்வொரு முறையும் ஓடிச் சண்டை போட்டால் இலையில் கிடைத்த சக்தி அதிலேயே தீர்ந்துவிடும், அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தியே விஷயத்தை முடித்துக்கொள்கின்றன.

இதையொட்டி 2015ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹவுலர் இனங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாவடி எலும்பு பெரிதாக உள்ள இனங்களில் கடுவனின் விதைப்பை சிறிதாக இருந்தது, எலும்பு சிறிதாக உள்ளவற்றில் விதைப்பை பெரிது. ஒரு கடுவன் மட்டும் கூட்டத்தை வைத்திருக்கும் இடத்தில் குரலால் மிரட்டினால் போதும், பல கடுவன்கள் சேர்ந்து இருக்கும் இடத்தில் போட்டி விந்தணு அளவில் நடக்கிறது. இரண்டிலும் சேர்த்து முதலீடு செய்ய முடியவில்லை போலும். அந்த ஆய்வில் மூரிக்கி கிடையாது, ஆனால் அதே கோட்டை நீட்டினால் கடைசி முனையில் மூரிக்கிதான் நிற்கும்: குரல் குதிரை கனைப்பது போல, பிரிந்துபோனவர்களைக் கூப்பிட மட்டும், விதைப்பையோ உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவில் பெரிது. படங்களில் முதலில் கண்ணில் படுவதே அதுதான், என்ன செய்ய.

கூட்ட வாழ்க்கைக்கு வருவோம், மூரிக்கி பெயர் வாங்கியதே இதில்தான். மூரிக்கிக் கூட்டத்தில் கடுவன்கள் பிறந்த இடத்திலேயே சாகும்வரை இருக்கும், பெண்கள் ஆறு வயது வாக்கில் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன் வகை. உருவத்தில் பெண்கள் அவர்களுக்குச் சமம், மிரட்டிப் பணிய வைக்க முடியாது. ஒரு பெண் இணைசேரத் தயாரானால் கடுவன்கள் சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருக்கும். அடிக்கடி கட்டிப்பிடித்துக்கொள்ளும், நாலைந்து சேர்ந்து வாலால் தொங்கியபடி ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கும். 2011ல் ஸ்ட்ரையர் குழு மரபணு வழியாகத் தந்தைகளைத் தேடியபோது, அதிகக் குட்டிகளுக்குத் தகப்பனான கடுவனுக்கே 18 சதவீதம்தான் கிடைத்தது. ஒரே கடுவன் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் குரங்குகளோடு பார்த்தால் இது அபூர்வமான சமபங்கு.

இதை வைத்து 'ஹிப்பி குரங்கு' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பட்டம் ஓரளவுக்கு நியாயம்தான், ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். சாவோ பாவுலோ மாநிலத்தின் கார்லோஸ் பொடேலியோ காப்பகத்தில் தெற்கு மூரிக்கிக் கடுவன்கள் சில ஒன்றுசேர்ந்து தங்கள் கூட்டத்துக் கடுவன் ஒன்றையே தாக்கிக் கொன்ற சம்பவம் 2009ல் வெளியான கட்டுரையில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

ஹவுலர் கூட்டம் சிறியது, ஒன்றிரண்டு கடுவன், சில பெண்கள், குட்டிகள், பெரும்பாலும் பத்துக்குள் அடங்கிவிடும். ஆண், பெண் இரண்டுமே வளர்ந்ததும் வெளியே போகும். வெளியிலிருந்து வரும் புதுக் கடுவன் பழையதைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடிப்பதும், அப்போது கைக்குட்டிகளைக் கொல்வதும் ஹவுலர்களில் பல இடங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு இனமும் ஒரே பழ மரத்தில் எதிர்ப்பட்டால் என்ன நடக்கும் என்றும் கேட்பீர்கள்: வழக்கமாக ஹவுலர்தான் எழுந்து வழிவிடும். தங்களுக்குள் இவ்வளவு அன்பாக இருக்கும் மூரிக்கி அடுத்த இனத்திடம் அந்த மாதிரி இல்லை.

குட்டி போடும் வேகம்தான் கடைசிக் கணக்கில் பெரிய எண். ஹவுலர் நாலைந்து வயதிலேயே தாயாகிவிடும், அப்புறம் இரண்டு ஆண்டுக்குள் அடுத்த குட்டி, பருவம் என்றெல்லாம் பெரிதாகப் பார்ப்பதில்லை. மூரிக்கி வேறு கூட்டத்துக்குப் போய், அங்கே இடம் பிடித்து, முதல் குட்டி போட ஒன்பது வயது ஆகிவிடும். அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒன்று, அதுவும் பெரும்பாலும் வறண்ட மாதங்களில்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எது ஆபத்தில் இருக்கிறது என்று 2015ல் என்னிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் மூரிக்கி என்று சொல்லியிருப்பேன். அட்லாண்டிக் காடு துண்டு துண்டாகிக் கிடக்கிறது. 8 ஹெக்டேர் போதும் என்கிற, கிடைத்த இலையைத் தின்னுகிற ஹவுலர், பண்ணை ஓரத் தோப்பிலும் போர்ட்டோ அலெக்ரே நகரத்து விளிம்பிலும் கூடச் சமாளிக்கிறது. அங்கே மின்கம்பியில் அடிபடாமல் சாலை கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஏறிப் போய்ப் பழகிவிட்டது. மூரிக்கிக்குத் துண்டுக் காடு மெதுவான மரணம், காரணம் அதன் உறவுமுறையிலேயே இருக்கிறது. வயதுக்கு வந்த பெண் கூட்டத்தை விட்டுக் கிளம்பியே தீரும், பக்கத்தில் வேறு கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தனித்த துண்டில் பெண்கள் போய்க்கொண்டே இருக்கும், புதிதாக யாரும் வரமாட்டார்கள், கடைசியில் கிழட்டுக் கடுவன்கள் மட்டும் மிஞ்சும். மினாஸ் ஜெராய்ஸின் இபிட்டிபோக்கா பகுதியில் இதுதான் நடந்தது, இரண்டே கடுவன்கள் மிஞ்சியிருந்தன. அவற்றுக்குத் துணையாக, வேறு இடங்களில் தனியாகச் சிக்கிக்கொண்ட பெண்களைக் கொண்டுவந்து, வேலி போட்ட காட்டுப் பகுதியில் புதிதாக ஒரு கூட்டத்தை உருவாக்கப் பார்த்தார்கள்.

கராட்டிங்காவில் மட்டும் கதை நன்றாகப் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஐம்பது போல இருந்த மூரிக்கிகள், பாதுகாப்பு கிடைத்ததும் முப்பது ஆண்டில் 350ஐ ஒட்டிப் போயின. இடம் நெருக்கடியானதும் கீழே இறங்கித் தரையில் தின்னவும் தண்ணீர் குடிக்கவும் தொடங்கின, அதுவரை அவற்றைத் தரையில் பார்ப்பதே அபூர்வம்.

அப்புறம் வந்தது மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் அமெரிக்காவுக்கு வந்து காட்டுக்குள் புகுந்துகொண்ட வைரஸ் அது. ஆப்பிரிக்கக் குரங்குகள் நீண்ட காலம் அதோடு வாழ்ந்து பழகியதால் பெரும்பாலும் தப்பிவிடும், தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. அதிலும் ஹவுலருக்குத் தொற்றினால் சில நாட்களில் முடிந்துவிடும். 2008, 2009ல் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்திலும் அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்திலும் ஹவுலர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தன. 2016 இறுதியில் மினாஸ் ஜெராய்ஸில் தொடங்கி எஸ்பிரிட்டோ சான்டோ, ரியோ, சாவோ பாவுலோ என்று பரவியது அதைவிடப் பெரியது: 2018க்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு நோய், எழுநூறுக்கு மேல் இறப்பு. குரங்குகளின் கணக்கை யாராலும் முழுதாக எடுக்க முடியவில்லை. 2017 தொடக்கத்தில் கராட்டிங்கா காட்டில் ஹவுலரின் சத்தமே நின்றுபோனது, அங்கிருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துவிட்டன. அதே கொசு, அதே மரம், ஆனால் மூரிக்கிகளில் ஒரு சிறு பங்குதான் மறைந்தது. வறட்சியும் அந்த ஆண்டுகளில் சேர்ந்துகொண்டதால் எது எவ்வளவு கொன்றது என்று பிரிப்பது கடினம், இருந்தாலும் இரண்டு இனத்துக்கும் இடையே இருந்த இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் இருப்பது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிரேசிலில் இதனாலேயே நிறையக் குரங்குகள் அடித்தும் விஷம் வைத்தும் கொல்லப்பட்டன. குரங்கிடமிருந்து மனிதனுக்கு நேராக மஞ்சள் காய்ச்சல் தொற்றாது, மர உச்சியில் வாழும் ஹீமகோகஸ், சபெத்தீஸ் வகைக் கொசுக்கள்தான் இரண்டு பேரையும் கடிக்கின்றன. செத்து விழும் ஹவுலர்தான் சுகாதாரத் துறைக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. கர்நாடகத்தின் கியாசனூரில் 1957ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலிலும் இதே கதைதான், அங்கே பரப்புவது உண்ணி, முதலில் சாவது மந்தியும் குரங்கும்.

ஆகவே எது அதிக ஆபத்தில் என்ற கேள்விக்கு என் பதில்: பட்டியல்படி மூரிக்கிதான். இரண்டு மூரிக்கி இனங்களும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான அருகிய நிலையில் உள்ளன, வடக்கு மூரிக்கி மொத்தமாகவே ஆயிரத்துக்குள்தான் இருக்கும். பழுப்பு ஹவுலர் அதைவிடக் குறைந்த அபாயப் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒரே மழைக்காலத்தில் ஒரு காட்டையே காலி செய்யக்கூடிய எதிரி ஹவுலருக்குத்தான் இருக்கிறது, மூரிக்கிக்கு இதுவரை அப்படி ஒன்று வரவில்லை. அடி வாங்கிய பிறகு எழுவதில் ஹவுலருக்கு வாய்ப்பு அதிகம், சில ஜோடிகள் மிஞ்சினாலே போதும், சீக்கிரம் குட்டி போடும், ஆணும் பெண்ணும் நகர்ந்து புதுக் கூட்டம் அமைக்கும். மூரிக்கி நூறை இழந்தால் அதைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகும்.

காப்பாற்றும் வழியும் அதனால் வேறு வேறு. மூரிக்கிக்குத் துண்டுக் காடுகளை மரம் நட்டு இணைப்பதும், தனித்துப்போன பெண்களை இடம் மாற்றுவதும்தான் வேலை. ஹவுலருக்கு இப்போது தடுப்பூசியே வந்துவிட்டது. மனிதர்களுக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்த அளவில் ரியோவின் குரங்கு மையத்தில் இருந்த ஹவுலர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், எதிர்ப்புச் சக்தி உருவானது. ரியோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் திஜூக்கா தேசியப் பூங்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஹவுலரே இல்லாமல் இருந்து, 2015ல் மறுபடியும் விட்டார்கள், காய்ச்சல் வந்ததும் அந்த வேலை நின்றது. பின்னர் ஊசி போட்ட ஹவுலர்களை வைத்து அதைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள்.